ஒரு வாய் கழனித்தண்ணி

எனக்கு எழுத்து வந்தது தலை நரைத்த பிறகுதான். அதுவும் பாதிதான் வந்தது. மீதி வழியில் எங்கோ பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டது. அதனால் ஒரு வரி எழுத எனக்கு ஒரு பீடி செலவாகிறது. இது இரண்டு கட்டு பீடிக் கதை.

எழுத்துக் கூட்ட ஆரம்பித்த புதிதில், எங்கள் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் கடைகளுக்குப் பின்னால் ஒரு குழாய்க்கு மேலே மாட்டியிருந்த தகரப் பலகையை நின்று வாசித்தேன். க, ழி, வு, நீ, ர். வாசித்து முடித்ததும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் மயக்கம் என்று நினைத்து சோடா வாங்கி வந்தார்கள். குடித்தேன். சும்மா வருகிற சோடாவை வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மயக்கமும் இல்லை. அந்த வார்த்தையை நான் வாசிக்கத் தெரிவதற்கு ரொம்ப காலம் முன்பே தெரிந்து வைத்திருந்தேன். அதற்கு நான் கொடுத்தது ஒரு மாடு.

எங்கள் மலையில் அந்தக் காலத்தில் இப்படி ஒரு வார்த்தை கிடையாது. தேவைப்படவில்லை. சாமையோ கேழ்வரகோ கழுவின தண்ணீருக்குக் கழனித்தண்ணி என்று பெயர், அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். சட்டி கழுவினது அவரைக் கொடிக்கு. குளித்தது வாழைக்கு. கை கழுவினது மிளகாய்ச் செடிக்கு. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டின தண்ணீரை யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, பலா மரத்துத் தூரில் ஊற்றுவார்கள். மனுஷர்கள்தான் எங்கள் ஊரில் வேலை இல்லாமல் திரிவோம். தண்ணீருக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. ஊற்றுக்குப் போய் இடுப்பில் குடத்தோடு ஏறி வருகிற பெண்களுக்குத் தெரியும், ஒரு குடம் எத்தனை மூச்சு என்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாடு இல்லாத வீட்டுக் கழனித்தண்ணி மாடு இருக்கிற வீட்டுக்குப் போகும். மாடு இருக்கிற வீட்டிலிருந்து மோர் வரும். இரண்டு வீட்டுக்குச் சண்டை என்றால் முதலில் நிற்பது பேச்சு அல்ல. இந்தத் தண்ணீர்தான். காலையில் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

மலைக்கு ரோடு போட ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்த காலம். நான் அடிவாரத்தில் ஒரு கிழங்கு மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற இடம். ஆறு நாள் கீழே, ஒரு நாள் மேலே. பெண்கள் கிழங்கைத் தோல் உரித்துப் போடுவார்கள். இயந்திரம் அதைத் துருவும். துருவினதைத் தண்ணீரில் அலசி வடிகட்டித் தொட்டியில் விடுவார்கள். மாவு அடியில் தங்கும். மேல் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட்டு, என்னைப் போன்ற கழுதைகளை உள்ளே இறக்கி மாவை வெட்டி எடுக்கச் சொல்வார்கள். இடுப்பு வரைக்கும் வெள்ளையாகி நிற்பேன். வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போன பிறகு பாதி வெள்ளைக்காரன் ஆனவன் நான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்த மேல் தண்ணீர் என் மனசை உறுத்தியது. பால் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக் கழனித்தண்ணியைவிடக் கெட்டி. அது ஒரு வாய்க்கால் வழியாகப் போய் ஒரு பள்ளத்தில் சும்மா கிடந்தது. ஒரு நாள் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இந்தத் தண்ணி எங்கீங்க போவுது?"

"எங்கியோ போவுது. கழிவுத் தண்ணிதானப்பா அது."

"கழிவுன்னா?"

"ஆகாதுன்னு தள்ளி உட்டது. உன்னைய உங்க ஊர்ல தள்ளி உட்டாங்கல்ல, அந்த மாதிரி."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கா வாய் சும்மா இருக்கும்.

"அப்ப அது எங்க சொந்தம்தானுங்க. மலைக்கு ஏத்தி உடுங்க, எங்கூட்லயே வெச்சுக்கறேன்."

மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்காகச் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று மாவு வெட்டப் போய்விட்டேன். ஏன் தள்ளி விடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிப்பு கிடைத்த பிறகு எனக்குக் கேள்வி எதற்கு.

அந்தப் பள்ளத்து ஓரத்தில் புல் முளைத்து நான் பார்த்ததில்லை. சாயந்தரத்தில் ஒரு தவளைச் சத்தம் கிடையாது. அதையும் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன்? "தவளைங்கெல்லாம் மில்லுல வேலைக்குச் சேந்துபோச்சு, கத்தறதுக்கு நேரமில்ல" என்று சொல்லி இன்னொரு சிரிப்பு வாங்கினேன். கண்ணால் பார்த்ததை எல்லாம் வாய் வழியாக வெளியே விட்டுவிடுகிற பிறவி நான். மண்டைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

மில்லுக்கு வருகிற கிழங்கு நாங்கள் அவித்துத் தின்கிற கிழங்கு இல்லை. வேறு சாதி, கசப்பு. மாவு நிறைய இருக்கும். அந்தச் செடிக் குச்சியில் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்து, ஊரிலேயே முதல் ஆளாக எங்கள் காட்டில் நட்டேன். மற்றவர்கள் கிழங்கை எல்லாம் காட்டுப் பன்றி தோண்டித் தின்றது. என் கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "பன்னிக்குக்கூட எம்மேல மரியாதை" என்று ஊரெல்லாம் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் மழை இல்லை. சாமை பூட்டை கட்டாமலே, கதிர் பிடிக்காமலே காய்ந்தது. ஊற்றில் ஒரு குடம் நிறைய, பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றிக் காத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இரண்டாம் மாதம் என் சம்சாரத்துக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்தது. உடம்பு எலும்பாகிப் பால் வற்றிவிட்டது. குழந்தை அவள் மார்பில் கொஞ்ச நேரம் முட்டிப் பார்க்கும், பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போடும். அழக்கூடத் தெம்பில்லாத சத்தம். மில்லுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

எங்களிடம் ஒரு மாடு இருந்தது. மலை மாடு, கன்றுக்குட்டி அளவுதான் இருக்கும். செவலை. ஒரு கொம்பு வானத்தைப் பார்க்கும், இன்னொன்று என்னைப் பார்க்கும். காலையில் ஒரு செம்பு, சாயந்தரம் ஒரு செம்பு. அந்த இரண்டு செம்பில்தான் குழந்தை உயிர் வைத்திருந்தது. துணியை நனைத்து வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிவேன். புல் காய்ந்ததும் இரண்டு செம்பு ஒரு செம்பானது. பிறகு அரைச் செம்பு. கழனித்தண்ணியாவது ஊற்றலாம் என்றால், கழுவ அரிசி இருந்தால்தானே கழுவின தண்ணீர். நாங்கள் ஒரு வேளைதான் உலை வைத்தோம்.

அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த வெள்ளைத் தண்ணீர் ஓடியது. மில்லில் செய்கிறதை நான் வீட்டில் செய்தால் என்ன? மாவு அடியில் தங்கும், குழந்தைக்குக் கஞ்சி. மேல் தண்ணீர், மாட்டுக்கு. ஒரே கிழங்கில் இரண்டு உயிர். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுத் துருவி செய்தேன். கிழங்கு பிடுங்கி வந்து, காலையிலிருந்து உட்கார்ந்து துருவினேன். ஒரு கூடைக் கிழங்கோடு என் விரல் தோலும் கொஞ்சம் சேர்ந்தது. அலசி, சீலைத் துணியில் பிழிந்து, இரண்டு பானையில் தெளிய வைத்தேன். உச்சி வெயில் வருகிறபோது மேலே தண்ணீர் பாலாக நின்றது.

உள்ளே படுத்திருந்த என் சம்சாரம் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க, ஒரு வாடை அடிக்குதுங்களே."

"பச்சக் கெழங்கு வாடை. மில்லுல இதவிட அடிக்கும்."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணப் போறீங்க?"

"செவலைக்குத்தான்."

"வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

"நான் என்ன மாடா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியில் ஊற்றினேன். செவலை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பன்றி திருப்பியது போலத்தான். எனக்குக் கோபம் வந்தது. "ஏம்புள்ள, இத்தனை நேரம் தொருவியிருக்கேன்" என்று அதைத் திட்டினேன். பிறகு வீட்டில் கடைசியாக இருந்த ஒரு பிடி தவிட்டையும் ஒரு கல் உப்பையும் போட்டுக் கலக்கினேன். உப்புக்கும் தவிட்டுக்கும் ஏங்கிக் கிடந்த மாடு. ஒரே உறிஞ்சில் தொட்டி அடி தெரியக் குடித்தது. நான் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றேன். சாயந்தரம் ஒரு செம்பு பால் கறக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் மாடு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மலை ஏறி வந்தது போல விலா எலும்பு ஏறி இறங்கியது. வாயில் நுரை. பின்னங்கால் நடுங்கியது. எச்சில் ஒழுகிய உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. இரண்டு எட்டு எனக்கு நேராக வந்து, முன்னங்கால் மடிந்து விழுந்தது.

மாட்டு வைத்தியம் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். என் சம்சாரத்தின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வரப்பு கீழே அவர் வீடு. அவரோடு ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. காரணம் வேறு யார்? ஊர்ப் பண்டிகையில் அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். சின்ன வயசிலிருந்து மலைப் பாதையில் சுமை தூக்கி, அவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். நானும் தோளை இறக்கிக்கொண்டு, பலாப்பழம் திருடின கரடி மாதிரி கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஊரே சிரித்தது. அவர் எழுந்து போனார். வாயும் வயிறுமாக இருந்த அவர் சம்சாரம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

ஓடினேன். அவர் வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"மச்சான், மாடு உழுந்துபோச்சுங்க."

ஏழு மாதம் பேசாதவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னாச்சு?"

"பாம்புங்க" என்றேன்.

இதை எழுத எனக்கு நாலு பீடி ஆகிவிட்டது. அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். எனக்கு அப்போதே தெரியும், தண்ணீர்தான் என்று. ஆனால் மில்லுக்குப் போய்ப் பெரிய வித்தை கற்றுக்கொண்டு வந்து, சொந்த மாட்டுக்கு விஷம் கரைத்து, தவிடு போட்டு ஊட்டிவிட்ட மடையன் என்று அவர் வாயால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையில் ஒரு சிரிப்பைக் கொடுத்தால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைத்தவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றால் உயிர் போகிற மாதிரி இருந்தது. உயிர் போய்க்கொண்டிருந்தது என்னுடையது இல்லை.

அவர் வந்து மாட்டின் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எங்க கடிச்சுதுன்னு பாத்தியா மாப்ள?"

"தெரியலீங்க."

"பாம்பப் பாத்தியா?"

"கல்லுக்கட்டுக்குள்ள போச்சுங்க."

"என்ன நெறம்?"

"கருப்புங்க." பொய் ஒன்று சொன்னால் அதற்கு நிறமும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் ஈறைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். "பாம்பு மாதிரி இல்லியே" என்று தனக்குள் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். நான் மாட்டின் காதைப் பார்த்தேன். "செரி, சிறியாநங்கை கொண்டாரேன், தலையத் தூக்கிப் புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினார்.

சிறியாநங்கை பாம்புக் கடிக்குக் கொடுக்கிற பச்சிலை. மழைக் காலமாக இருந்தால் வேலியோரம் கிடைக்கும். அந்த வறட்சியில் பாறை இடுக்குக்குப் போனால்தான் உண்டு. அவர் ஒரு தோள் இறங்க, முழங்காலில் கை ஊன்றி ஊன்றி ஏறிப் போவதைப் பார்த்தேன். நான் நடந்து காட்டினேனே, அதே நடை. அதை வைத்துக்கொண்டுதான் என் மாட்டுக்காக ஓடினார். கூப்பிட்டிருக்கலாம். 'மச்சான், பாம்பு இல்ல' என்று மூன்று வார்த்தை. அவர் திரும்பிப் பார்க்கிற தூரம் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

செவலையின் தலை என் மடியில் இருந்தது. என்னைப் பார்க்கிற கொம்பு என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளே குழந்தை பூனைச் சத்தம் போட ஆரம்பித்தது. நான் மாட்டிடம் ஏதேதோ பேசினேன். ஒன்றும் வேடிக்கையாக இல்லை.

அவர் வந்தபோது நிழல் தொட்டியைத் தாண்டியிருந்தது. முழங்காலில் ரத்தம். பச்சிலையை மிளகோடு வைத்து இடித்து, மூங்கில் குழாயில் கரைத்து ஊற்றினார். பாதி வெளியே வந்தது. இன்னொரு குழாய் நிரப்பும்போது, என் சம்சாரம் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். இருபது நாளாக எழுந்து நிற்காதவள்.

"என்னத்துக்கு அண்ணா சிறியாநங்கை?"

"பாம்பு கடிச்சிருக்குதாமா கண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

"பாம்பில்லீங்ண்ணா. தண்ணி."

"என்ன தண்ணி?"

அவள் பானையைக் கை காட்டினாள். அவர் போய் விரலை விட்டு முகர்ந்தார். நுனி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"மில்லுக் கெழங்கா மாப்ள?"

தலையை ஆட்டினேன்.

"ஆட்டுக்குட்டி மரவள்ளித் தழை தின்னுபோட்டு உழுந்தா என்ன பண்ணுவோம்?"

"வெல்லத் தண்ணி ஊத்துவோமுங்க."

"எப்ப ஊத்துவோம்?"

"உழுந்த ஒடனேங்க."

"தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அதை அவர் செய்யவே இல்லை. கீழே பார்த்துத் தன் சம்சாரத்தைக் கூவினார், "ஊட்ல இருக்கற வெல்லத்தப் பூராக் கொண்டா." அவள் இடுப்பில் கைக்குழந்தையோடு, பிள்ளை பெற்றவளுக்கென்று வைத்திருந்த வெல்லக் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வரப்பேறி ஓடி வந்தாள். கரைத்தோம். ஊற்றினோம். மாடு விழுங்குவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. வெல்லத் தண்ணீர் கடைவாய் வழியாக என் மடியில் வழிந்தது. பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகிறபோது மூச்சு நின்றது. அந்தக் கண் மூடவில்லை.

விழுந்த உடனே ஊற்றியிருந்தால் பிழைத்திருக்குமா? சிலர் பிழைக்கும் என்கிறார்கள், சிலர் அத்தனை தண்ணீர் குடித்தால் ஒன்றும் வேலைக்கு ஆகாது என்கிறார்கள். பிழைத்திருக்காது என்று சொல்கிறவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

குழி வெட்டினோம். "நாயி தோண்டாத ஆழத்துக்கு வெட்டு" என்றார் மச்சான். அதுதான் அன்றைக்கு அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. மாட்டை இறக்கின பிறகு இரண்டு பானையையும் தூக்கி வந்தேன். அடியில் மாவு சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம் என்று நினைத்த மாவு. இதுவும் விஷமா, இல்லையா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டேன். அதையும் தண்ணீரையும் குழிக்குள்ளேயே கொட்டினேன். அதற்கு முன்னால் என் ஆயுசில் நான் தண்ணீரை ஒன்றுக்கும் இல்லாமல் கொட்டினதில்லை. கொட்டிவிட்டு, மண் போட்டு மிதித்து, கோழி வந்து கொத்துமோ என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். மேஸ்திரி சொன்ன வார்த்தை அங்கே நின்றுதான் எனக்குப் புரிந்தது. ஆகாத தண்ணீர் என்றால் யாருக்கும் வேண்டாத தண்ணீர் என்று நினைத்திருந்தேன். அது யார் வாய்க்கும் போய்விடாமல் காவல் காக்க வேண்டிய தண்ணீர். மில்லில் யாரும் காவலுக்கு நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

கை கழுவப் போனபோது குழந்தை அழுதது. சாயந்தரப் பால் நேரம். மாடு செத்தது அதற்குத் தெரியாது. என் சம்சாரம் அதை மடியில் போட்டு, வெறும் துணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒன்றும் இல்லை என்று குழந்தை கண்டுபிடிக்கிற வரைக்கும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடி.

"எங்கண்ணன் மாடு?" என்று கேட்டேன். நான் குழம்பிப்போய் அவள் அண்ணனை என் அண்ணன் ஆக்கிவிட்டேன்.

"செனையா இருக்குது. பாலு நிறுத்தி ரெண்டு மாசமாச்சு" என்றாள். அப்புறம், என்னைப் பார்க்காமல், "அண்ணி பாலு குடுக்கறாங்க" என்றாள்.

அதுதான் மிச்சம். அவர் சம்சாரத்துக்கு நாலு மாதக் கைக்குழந்தை. ஊரில் பால் கொடுக்கிற மார்பு அந்த ஒன்றுதான் பக்கத்தில். நான் கோயிலைச் சுற்றினபோது யார் சிரிக்காமல் எழுந்து போனாளோ, அவளிடம் போய்க் கேட்க வேண்டும். அவளும் ஒரு வேளைக் கஞ்சியில்தான் இருந்தாள்.

குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூன்று வரப்பு இறங்கினேன். ஒரு கோழிக்குஞ்சு எடைகூட இல்லை. வரப்புக்கு ஒன்றாக மூன்று பேச்சு யோசித்து வைத்தேன். வாசலுக்குப் போனதும் மூன்றும் போய்விட்டது. அவள் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் உள்ளே முழங்காலுக்குப் போட மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னங்ண்ணா," என்றாள், "வாயில கொழுக்கட்டையா?"

குழந்தையை நீட்டினேன். அவள் தன் குழந்தையை ஒரு பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, மறு பக்கத்தில் என் பெண்ணைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிடிக்கத் தெரியாமல் முகத்தை உரசியது. செத்துப்போகும் என்று நினைத்தேன். அப்புறம் விழுங்குகிற சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"மூணு வேளையும் கொண்டாங்க," என்றாள் அவள் என் முதுகைப் பார்த்து. "எனக்கு ரெண்டுக்கும் பத்துமான்னு தெரியல. பத்தற வரைக்கும் குடுக்கறேன்."

நான் தலையாட்டினேன்.

"இனிமே உங்கூட்ல மாடு இல்லீல்ல. கழனித்தண்ணிய எங்க தொட்டிக்குக் கொண்டாந்து ஊத்துங்க."

என்னை வைகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். முகத்தில் வைதல் இல்லை. மாடு இல்லாத வீடு, மாடு இருக்கிற வீடு, வழக்கம் அவ்வளவுதான். உள்ளே மச்சான் மஞ்சள் அரைக்கிற சத்தம் நின்றது. மறுபடி அரைத்தார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் கழுவ இருந்தது ஒரு பிடி கேழ்வரகு. கழுவின தண்ணீர் ஒரு சின்னச் சட்டி. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சட்டி. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குப் போனேன். அவர்கள் சினை மாடு சட்டியைப் பார்த்து எழுந்து நின்றது. என்னால் ஊற்ற முடியவில்லை. கேழ்வரகு கழுவின தண்ணீர், அதில் ஒன்றும் இல்லை, நானே கழுவினேன். இருந்தும் கை வரவில்லை. அப்புறம் சட்டியைத் தூக்கி நானே ஒரு வாய் குடித்தேன். உமியும் மண்ணும் தொண்டையில் இறங்கியது. நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் ஊற்றினேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். என் சம்சாரம் எழுந்து நடமாடுகிற வரைக்கும், அவர்கள் மாடு கன்று போடுகிற வரைக்கும், என் பெண்ணுக்கு இரண்டு பல் முளைத்து மச்சான் சம்சாரத்தைக் கடித்து வைக்கிற வரைக்கும், தினம் ஒரு வாய். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் பால் கொடுத்துக்கொண்டே பார்த்துவிட்டாள்.

"ஏனுங்ண்ணா," என்றாள், "மாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க."

உள்ளே மச்சான் சிரித்தார். ஏழு மாதமும் சில நாளும் கழித்து அவர் சிரித்து நான் கேட்டது அதுதான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மாடு படுத்து அசை போட ஆரம்பிக்கிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றேன். குழந்தை குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.